முதலில் சாவது காவல்காரன்!

தோட்டத்தில் நாம் அவசரப்பட்டு நசுக்கும் பூச்சி, நமக்காக வேலை பார்க்க வந்ததாக இருக்கலாம். மாடித்தோட்டக்காரர்கள் மருந்துக் குப்பியைத் திறப்பதற்கு முன் படிக்க வேண்டிய கதை.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. கோவை வடவள்ளியில் ஒரு வீட்டின் மொட்டைமாடி. செம்பருத்தித் தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வலது கையில் பழைய டூத் பிரஷ். இடது கையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிய மக்கு. செடியின் கணுவுக்குக் கணு வெள்ளை மாவு அப்பியிருக்கிறது. பிரஷ்ஷால் தேய்த்து மக்கின் விளிம்பில் தட்டுகிறார்.

“ரெண்டு மாசமா இதே பொழப்புங்க. காலைல தேய்ச்சு விட்டா சாயங்காலம் மறுபடி வந்து உக்காந்துக்குது” என்றவர், ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். “இதப் பாருங்க. இவன்தான் எல்லாத்துக்கும் தலைவனாட்ட இருக்கான்.”

மற்ற மாவுப்பூச்சிகளைவிட மூன்று மடங்கு நீளம். உடம்பெல்லாம் வெள்ளை இழைகள். விறுவிறுவென்று நடந்தது. பிரஷ் அதை நோக்கிப் போன நேரத்தில், காபி டம்ளரோடு படியேறி வந்தார் அவருடைய அண்ணன் மகள். வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் முதுகலை படிப்பவர்.

“அத்தே! அதப் போட்டுறாதீங்க. அது நம்ம ஆளு!”

டம்ளரை வைத்துவிட்டு மக்குக்குள் எட்டிப் பார்த்தார். ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினார். “பதினொண்ணு அத்தே.”

அத்தை கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மக்கைப் பார்த்தார். “பெருசா இருக்கறதையெல்லாம் தேடித் தேடியில்ல புடிச்சேன்” என்றார்.

வேஷம் போட்ட வண்டு

மக்கில் செத்துக் கிடந்தவை கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள். வளர்ந்த வண்டு மிளகை விடச் சிறியது. கருத்த உடம்பு, ஆரஞ்சு நிறத் தலை. அதன் புழுவோ, மெழுகு இழைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மாவுப்பூச்சிக்குப் பெரியண்ணன் போலத் திரியும். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவிலேயே குடியிருந்து முட்டை, குஞ்சு, தாய் என்று பார்க்காமல் தின்னும். எறும்புகளின் கடியிலிருந்து இந்த மெழுகுப் போர்வை அதைக் காப்பாற்றும். மனிதர்களிடம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வண்டுக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. காபிச் செடியைத் தாக்கிய பச்சைச் செதில் பூச்சியை ஒழிப்பதற்காக 1898-ல் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையை அது சரியாகச் செய்யவில்லை. ஆனால் தனக்குப் பிடித்தமான மாவுப்பூச்சி இங்கே தாராளமாகக் கிடைத்ததால் தங்கிவிட்டது. ஆக, வடவள்ளி மாடியில் பிரஷ்ஷுக்கு இரையான அந்தப் பதினொன்றும் யாரும் வாங்கி விட்டவை அல்ல. செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஏறியது தெரிந்து தானாகவே தேடி வந்த தாய் வண்டு இட்ட முட்டைகளில் பிறந்தவை.

தமிழக அரசு 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தொகுப்புகளை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கிய பிறகு, மொட்டைமாடியில் கத்தரியும் வெண்டையும் காய்ப்பது வியப்பில்லை என்றாகிவிட்டது. கொரோனா ஊரடங்கு இன்னும் பலரை மாடியேற்றியது. செடி வந்த சில மாதங்களிலேயே பூச்சியும் வந்தது. பூச்சியைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “என்ன மருந்து அடிக்கலாம்?”

கேட்க வேண்டிய கேள்வி வேறு: “இங்கே ஏற்கெனவே யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள்?”

2008-ல் வந்த வெள்ளை மாவு

இந்தக் கேள்வியின் விலை என்ன என்பதைக் கொங்கு நாடு பட்டுத் தெரிந்துகொண்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலில் கண்ணில் பட்டது 2008-ல், கோவையில். பெயரில்தான் பப்பாளி. மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி, தேக்கு என்று 60-க்கும் மேற்பட்ட செடிகளில் ஏறியது. பப்பாளிக் காய்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து, மரத்திலேயே சுருங்கி உதிர்ந்தன.

விவசாயிகள் மருந்து அடித்தார்கள். பூச்சியின் மேலிருந்த மெழுகு மருந்தை உள்ளே விடவில்லை. மல்பெரித் தோட்டங்களுக்கு இன்னொரு சங்கடம்: இலையில் விஷம் அடித்தால், அதைத் தின்னும் பட்டுப்புழு சாகும். அடிக்காவிட்டால் இலையே மிஞ்சாது.

பூச்சி பிறந்த ஊரில் அதற்கு ஓர் எதிரி இருக்க வேண்டும். அது கூடவே கப்பலேறி வரவில்லை என்பதுதான் பிரச்னை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. தனியறையில் வைத்துச் சோதித்த பிறகு, அவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வழியாகத் தோட்டங்களுக்குப் போயின. அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற இனம்தான் நிலைத்து நின்று வேலையை முடித்தது. உருவம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பிறக்கும் புழு அதைத் தின்று கூடாக்கிவிட்டு, ஓட்டை போட்டு வெளியே பறக்கும்.

சில மாதங்களில் பப்பாளி மறுபடி பச்சையானது. இந்தக் குளவியால் இந்திய விவசாயத்துக்கு ஐந்து ஆண்டுகளில் மிச்சமானது 52 கோடி டாலர் முதல் 134 கோடி டாலர் வரை இருக்கும் என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிக்கு எவ்வளவு பெரிய சம்பளச் சீட்டு!

பத்தாண்டு கழித்து அதே கதை மரவள்ளியில் திரும்பியது. ஆப்பிரிக்காவை 1970-களில் கலங்கடித்த மரவள்ளி மாவுப்பூச்சி, 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டு, சேலம், நாமக்கல், தருமபுரிக்குப் பரவியது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பிக் கிழங்கு போட்ட குடும்பங்கள் தவித்தன. இந்த முறை யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. பராகுவேயில் கண்டுபிடித்து 1981-ல் ஆப்பிரிக்காவில் விடப்பட்ட அனகைரஸ் லோபெசி என்ற குளவி; அதைப் பரப்பிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவி பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

இரண்டு கதையிலும் விவசாயிகளுக்குச் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: குளவியை விட்ட பிறகு மருந்து அடிக்காதீர்கள்.

பெட்டிச் செய்தி: நம் மண்ணில் இரண்டு நூற்றாண்டு

• 1795: சாயத்துக்காக பிரேசிலிலிருந்து ஒரு பூச்சி இந்தியாவுக்கு வந்தது. சாயம் தேறவில்லை, சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. அந்தக் குணத்தைப் பார்த்து 1836-38-ல் தென்னிந்தியாவில் கள்ளியை அழிக்கவே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை ஒழிக்க மனிதர்கள் பூச்சியை ஏவிய முதல் நிகழ்வாக உலகம் இதைச் சொல்கிறது.

• 1926: இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளிக்கு, அதற்கேற்ற வேறொரு பூச்சி இலங்கையிலிருந்து வந்தது.

• 1928-29: நீலகிரியில் சீகை மரங்களைப் பஞ்சுபோல் மூடிய செதில் பூச்சிக்கு ரொடோலியா என்ற பொறிவண்டு தருவிக்கப்பட்டது. 1888-89-ல் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றிப் பெயர் வாங்கிய அதே வண்டு.

• 2010: பப்பாளி மாவுப்பூச்சிக்குக் குளவி. இலங்கை ஓராண்டு முன்பே இதே குளவிகளை விட்டிருந்தது.

• 2022: மரவள்ளி மாவுப்பூச்சிக்குக் குளவி.

மருந்து அடித்தால் பூச்சி ஏன் கூடுகிறது?

“அடிச்சேன், ஒரு வாரம் சுத்தமா இருந்துச்சு, அப்புறம் முன்னவிட ஜாஸ்தியா வந்துருச்சு.” தோட்டக்காரர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். காரணம் கணக்கில் இருக்கிறது.

தட்டைப்பயறிலோ அவரையிலோ ஏறும் அசுவினியை எடுத்துக்கொள்வோம். ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். பிறந்த குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடும். அதைத் தின்னும் பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக இரண்டு மூன்று வாரம் வேண்டும். மருந்து இரண்டையும் கொல்லும். இலைச் சுருளுக்குள் தப்பித்த நாலு அசுவினி ஒரு வாரத்தில் குடும்பம் பெருக்கிவிடும். தப்பித்த பொறிவண்டுக்கோ அன்றைக்கே சாப்பாடு இல்லை. அடுத்த தெருவுக்குப் பறந்துவிடும். எதிரியில்லாத மாடியில் அசுவினி ஆட்சி நடக்கும். அடுத்து நாம் செய்வது, மருந்தின் அளவைக் கூட்டுவது.

இது நாடு தழுவிய அளவில் நடந்ததற்கும் சாட்சி உண்டு. நெல்லில் புகையான் பூச்சியை ஒழிக்க இந்தோனேசியா மருந்தாகக் கொட்டியது. வயலில் சிலந்திகளும் பொறிவண்டுகளும் செத்து, புகையான் பெருகியது. 1986-ல் அதிபர் ஆணை ஒன்றின் மூலம் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்வயலில் தடை செய்தார்கள்.

இதில் தோட்டக்காரர் ஜீரணிக்கச் சிரமப்படும் ஒரு விஷயம் இருக்கிறது. பூச்சியே இல்லாத தோட்டத்தில் காவல்காரனும் இருக்க மாட்டான். அங்குமிங்கும் தெரியும் கொஞ்சம் அசுவினி, இரண்டு கணுவில் மாவுப்பூச்சி, இவைதான் அவனுக்கு நாம் கொடுக்கும் படி. படி நின்றால் ஆள் நிற்க மாட்டான்.

பெட்டிச் செய்தி: நசுக்கும் முன் உற்றுப் பாருங்கள்

• பொறிவண்டுப் புழு: சிவப்பு வண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் புழு கருத்து, ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலைபோல் ஆறு காலில் ஓடும். அசுவினிக் கூட்டத்தின் நடுவில் பார்த்தால் விட்டுவிடுங்கள்.

• கண்ணாடி இறக்கைப் பூச்சி: இரவில் டியூப்லைட்டைச் சுற்றும் மெல்லிய பச்சைப் பூச்சி. முட்டைகள் இலையில் நூலிழை நுனியில் குண்டூசித் தலைபோல் நிற்கும். பூஞ்சை என்று துடைத்துவிடாதீர்கள். சில வகைகளின் புழுக்கள் தின்று போட்ட பூச்சித் தோல்களை முதுகில் மூட்டையாகச் சுமந்து நடக்கும். குப்பை நகர்கிறது என்றால், அது இதுதான்.

• சிர்பிட் ஈ: தேனீபோல் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்டிருக்கும், பூவின் முன்னால் ஹெலிகாப்டர்போல் நின்று பறக்கும். கொட்டாது. காலில்லாத அதன் பச்சைப் புழு அசுவினியைத் தூக்கி உறிஞ்சும்.

• கும்பிடுபூச்சி: காம்பில் ஒட்டிய காய்ந்த நுரைபோன்ற கூடு அதன் முட்டைப்பை. கண்டதையும் தின்னும், தேனீ உட்பட. ஆனாலும் வரவில் வைக்கலாம்.

• சிலந்தி: பூச்சி இனமே இல்லை. என்றாலும் தோட்டத்தில் சம்பளமில்லாமல் இரவுக்காவல் பார்ப்பது அதுதான்.

• போலி ஆசாமி: கத்தரி இலையில் 28 புள்ளியோடு, பளபளப்பில்லாமல் மங்கிய நிறத்தில் இருக்கும் பொறிவண்டு. பச்சையத்தைச் சுரண்டி இலையைச் சல்லடையாக்கும். அதன் மஞ்சள் புழுவின் மேல் முட்கள் இருக்கும். இதைத் தாராளமாகப் பிடித்துப் போடலாம்.

குளவி கொட்டினால் புழு என்ன ஆகும்?

குளவி புழுவைக் கொண்டுவந்து கூட்டில் வைத்து, கொட்டிக் கொட்டியே அதையும் குளவியாக்கிவிடும் என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்வார்கள். மாணவனை ஆசிரியர் உருவாக்குவதற்கு இதை உவமையாகச் சொன்னவர்களும் உண்டு. உண்மை அத்தனை இனிமையானது இல்லை. ஜன்னல் மூலையில் மண்கலயம் செய்யும் குளவி, புழுவைக் கொட்டி மயக்கமாக்கித் தூக்கி வருகிறது. கலயத்துக்குள் தன் முட்டையையும் வைத்து வாயை அடைக்கிறது. உள்ளே பிறக்கும் குளவிக் குஞ்சு, உயிரோடு அசையாமல் கிடக்கும் புழுவைத் தின்று வளர்கிறது. புழு போட்ட கூட்டிலிருந்து குளவி வெளிவந்ததைப் பார்த்த முன்னோர், நடுவில் நடந்ததைத் தங்கள் மனசுபோல நிரப்பிக்கொண்டார்கள்.

கண்ணில் படும் இந்தப் பெரிய குளவியைவிட, படாத சின்னக் குளவிகள்தான் தோட்டத்தில் அதிக வேலை பார்ப்பவை. தடயம் மட்டும் தெரியும். அசுவினிக் கூட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் உப்பி, பொன்னிறமாகக் காய்ந்து, முதுகில் வட்டமான ஓட்டையோடு ஒட்டிக்கிடந்தால் உள்ளேயிருந்து குளவி பறந்துவிட்டது என்று அர்த்தம். செத்துக்கொண்டிருக்கும் புழுவின் பக்கத்தில் அரிசிபோல் சின்னச் சின்ன வெள்ளைக் கூடுகள் தெரிந்தால், அவற்றைப் புழுவின் முட்டை என்று நினைத்து நசுக்குகிறோம். அவையும் குளவிக் கூடுகள். அந்த இலையை அப்படியே விட்டால் அடுத்த தலைமுறைக் குளவி உங்கள் மாடியிலேயே பிறக்கும்.

இந்தச் சின்னக் குளவிகளுக்குக் குஞ்சுப் பருவத்தில்தான் மாமிசம். வளர்ந்த பிறகு குடிப்பது தேன். வாய் சிறியது என்பதால் ஆழமான பூக்களில் எட்டாது. கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை மாதிரி குடைவிரித்த சின்னப் பூக்கள் வேண்டும். சமையலுக்குப் பறித்தது போக நாலு கொத்தமல்லிச் செடியைப் பூக்க விடுவது, கடையில் வாங்கும் எந்த மருந்தையும்விட நீண்டகாலம் வேலை செய்யும்.

எதிரியின் மெய்க்காப்பாளர்

மாவுப்பூச்சியும் அசுவினியும் சாற்றை உறிஞ்சி, மிஞ்சும் சர்க்கரைத் தண்ணீரைப் பின்னால் விடும். அதற்காகத்தான் எறும்புகள் வரிசை கட்டி வருகின்றன. சும்மா வாங்கிப் போவதில்லை. பொறிவண்டுப் புழு வந்தால் கடித்து விரட்டும். குளவியை இறங்க விடாது. மாவுப்பூச்சிக் குஞ்சுகளை வாயில் கவ்விப் புதுக் கிளைக்குக் குடியேற்றும். பால் கறக்க மாடு வளர்ப்பதுபோல.

அதனால் செம்பருத்தியில் மாவுப்பூச்சியைப் பார்த்தால் முதலில் தண்டைப் பாருங்கள். எறும்பு ஏறுகிறதா? அதன் வழியை அடைத்தாலே பாதி வேலை முடியும். தண்டில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவலாம். தொட்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். கிண்ணத் தண்ணீரில் சோப்புக் கலந்து வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மாவுப்பூச்சியை ஒழிக்கப் போய் டெங்குக் கொசுவை வளர்த்த கதையாகிவிடும். கிளை பக்கத்துச் சுவரைத் தொட்டால் எறும்புக்கு அது பாலம், வெட்டிவிடுங்கள்.

எல்லா எறும்பும் வில்லன் இல்லை. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, மரத்தில் ஏறும் புழுக்களை வேட்டையாடும். தென்சீனாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் அதன் கூட்டைக் காசு கொடுத்து வாங்கி மரத்தில் கட்டும் வழக்கம் பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. ஆனால் அதே முசுறு மாவுப்பூச்சியையும் மேய்க்கும். மாடியில் துணி காயப்போட வருபவரையும் கடிக்கும்.

காசு கொடுத்து வாங்கலாமா?

வாங்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை போன்ற இடங்களில் நன்மை செய்யும் பூச்சிகளை வளர்க்கிறார்கள். தென்னையில் கருந்தலைப் புழு வரும் மாவட்டங்களில் வேளாண் துறையே ஒட்டுண்ணி வளர்ப்பு மையங்களை நடத்துகிறது. ஆனால் என்ன வாங்குகிறோம், எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கரும்பு விவசாயிகளுக்குப் பழக்கமான டிரைக்கோகிரம்மா அட்டையைப் பாருங்கள். கம்பைக் குருணையாக உடைத்து, அதில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, குளவியை அதில் முட்டையிட வைக்கிறார்கள். முட்டை கறுப்பானால் உள்ளே குளவி வளர்கிறது. ஒரு சி.சி. அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டை. கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கும் தக்காளியில் காய்ப்புழுவுக்கும் இது உதவும். ஏக்கர் கணக்கில் பயிர் செய்பவருக்குச் சரி. இருபது தொட்டி வைத்திருப்பவருக்கு அட்டையில் ஒரு துண்டே அதிகம். வாங்கினால் ஃபிரிட்ஜில் போட்டு மறக்கக் கூடாது. குளவி வெளிவரும் நாள் குறித்து, மாலையில் இலைக்கு அடியில் கட்ட வேண்டும். இது தாய் அந்து இட்ட முட்டையைத்தான் தாக்கும். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை ஒன்றும் செய்யாது.

பொறிவண்டு வாங்குபவர்கள் வண்டைவிடப் புழுவாகக் கேட்டு வாங்குவது நல்லது. வண்டுக்கு இறக்கை உண்டு. உங்கள் மாடி பிடிக்காவிட்டால் பக்கத்து மாடிக்குப் போய்விடும். புழு விட்ட இடத்திலேயே தின்னும். மாவுப்பூச்சி குறைந்திருக்கும்போது விட்டால் பட்டினி. மருந்து அடித்த சூட்டோடு விட்டால் சாவு.

இதில் மிச்சம் பிடிக்கும் வழி ஒன்று உண்டு. வெட்டிப் போட்ட மாவுப்பூச்சிக் கிளையை உடனே எரிக்காமல், வலை கட்டிய வாளியில் சில நாள் வைத்திருங்கள். வலைக்கண் குளவி வெளியேறும் அளவு இருந்தால் போதும். உள்ளிருக்கும் குளவிகள் பிறந்து பறந்த பிறகு கிளையை அழிக்கலாம். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பும் புதுவகைப் பூச்சியை மட்டும் தொடாதீர்கள். தனியறையில் சோதிக்காமல் கொண்டுவரும் பூச்சி, நாளை எதைத் தின்னும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்த்தீனியத்தை ஒழிக்க 1980-களில் மெக்சிகோவிலிருந்து முறைப்படி சோதித்துக் கொண்டுவந்த வண்டே, சூரியகாந்தியைக் கடிக்கிறது என்ற புகாரில் சிக்கி, விசாரணைக் குழு வரை போனது.

எங்கே கைவிரிக்கும்?

நன்மை செய்யும் பூச்சி எல்லா நோய்க்கும் மருந்தாகாது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வருவதற்கு வெள்ளை ஈ ஒன்றிரண்டு போதும். பொறிவண்டு மீதியைத் தின்றாலும் செடிக்குள் ஏறிய வைரஸ் இறங்காது. அந்தச் செடியைப் பிடுங்குவதுதான் வழி. பாகல், பீர்க்கனில் பழ ஈ காய்க்குள் முட்டை வைத்த பிறகு வெளியே காவல் நிற்பவனால் பயனில்லை. பிஞ்சிலேயே காகித உறை போட வேண்டும், அழுகி விழுந்ததைப் பொறுக்கி அழிக்க வேண்டும்.

தென்னை விவசாயிகளின் ஆற்றாமையும் இங்கே சொல்லப்பட வேண்டும். பொள்ளாச்சிப் பகுதியில் 2016-ல் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈக்கு, என்கார்சியா என்ற குளவி இருக்கிறது, மருந்து அடிக்காமல் பொறுங்கள் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். மட்டையெல்லாம் கரும்பூஞ்சை படிந்து, காய்ப்புக் குறைந்து, கடனுக்கு வட்டி ஏறும்போது பொறுமை சொல்வது எளிது என்பது விவசாயிகளின் பதில். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. குளவி தன் வேகத்தில்தான் பெருகும்; வங்கித் தவணை அதற்காகக் காத்திருக்காது.

மாடித்தோட்டக்காரருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரு பருவம் கத்தரி போனால் சந்தையில் அரைக்கிலோ வாங்கிக்கொள்ளலாம். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க முடிகிற இடம் மொட்டைமாடிதான். பொறுமையைப் பழக இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது.

பெட்டிச் செய்தி: மாடிக்கு ஏழு யோசனைகள்

1. பூச்சியைப் பார்த்த அன்றே எதுவும் அடிக்காதீர்கள். நாலைந்து நாள் தினமும் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். செல்போன் கேமராவைப் பெரிதாக்கினால் பொறிவண்டுப் புழுவும் குளவி ஓட்டையும் தெரியும்.

2. குறைக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அசுவினி விழுந்தால் பெரும்பாலும் திரும்ப ஏறாது.

3. வேப்பெண்ணெய்க் கரைசலும் சோப்பும் கூட மென்மையான உடம்புள்ள புழு எதுவானாலும் மூச்சடைக்க வைக்கும். இயற்கை மருந்து என்பதற்காகத் தோட்டம் முழுக்கக் குளிப்பாட்டாமல், பூச்சி மொய்த்த கிளைக்கு மட்டும் மாலையில் அடியுங்கள்.

4. எறும்பு வழியை அடையுங்கள்.

5. எப்போதும் ஏதாவது ஒன்று பூத்திருக்கட்டும்: கொத்தமல்லி, துளசி, செண்டுமல்லி, சூரியகாந்தி.

6. ஓரத்தில் ஒரு தொட்டி தட்டைப்பயறு. அதில் அசுவினி ஏறும். அதைத் தேடிப் பொறிவண்டு வரும். பெருகி மற்றச் செடிகளுக்குப் போகும்.

7. நர்சரியிலிருந்து வரும் செடியை ஒரு வாரம் தனியாக வையுங்கள். மாவுப்பூச்சி பெரும்பாலும் அதில்தான் வீட்டுக்குள் வருகிறது.

ஓரத்துத் தொட்டி

ஆறு வாரம் கழித்து அதே மாடிக்குப் போனோம். டூத் பிரஷ் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்தது. செம்பருத்தி முழுசாகச் சுத்தமாகிவிடவில்லை. அடிக்கிளையில் இரண்டு கணுவில் வெள்ளை இருக்கத்தான் செய்தது. நுனியில் ஒன்பது மொட்டு. தண்டில் கிரீஸ் தடவிய துணி கறுத்துப்போயிருந்தது.

“மொதல்ல மனசே கேக்கலீங்க” என்றார் ஆசிரியை. “பூச்சியப் பாத்துட்டு சும்மா நிக்கறது இருக்குதே, பையன் தப்புத் தப்பா கணக்குப் போடறத ரப்பர் எடுக்காம பாத்துட்டு நிக்கற மாதிரி. பத்து நாள் கழிச்சு அவனே திருத்திக்கிட்டான்.”

கைப்பிடிச் சுவரோரம் ஒரு தொட்டியில் தட்டைப்பயறு. கொடி நுனியெல்லாம் கறுப்பாக அசுவினி அப்பி, பார்க்கவே உடம்பு கூசியது. துணி எடுக்க மாடிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

“ஏனுங்க்கா, எல்லாச் செடியும் இவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க. இத மட்டும் கவனிக்காம உட்டுட்டீங்களே?”

“அது நமக்கில்ல கண்ணு” என்றார் இவர். கொடியின் இலை ஒன்றைத் திருப்பினார். கருப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு குட்டி முதலை அசுவினிக்குள் தலையை விட்டிருந்தது. “அவங்களுக்கு.”